நீங்கதானுங்களே அறுக்கறது

பதினாறு வருஷம் என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையில் அசிஸ்டென்ட் சர்ஜன் என்றுதான் எழுதியிருந்தது. கேரளத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அரசு சுகாதார நிலையத்தில் சேருகிறவர்களுக்குப் பதவியின் பெயர் அதுதான். எந்த சர்ஜனுக்கு அசிஸ்டென்ட் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பதினாறு வருஷத்தில் நான் கத்தி எடுத்தது சீழ்க்கட்டி கீறுவதற்கும், மண்வெட்டி பட்ட கால்விரலைத் தைப்பதற்கும், உள்ளங்காலில் ஒடிந்த முள்ளை எடுப்பதற்கும்தான். மற்றதெல்லாம் காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், தடுப்பூசி, லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு சர்ஜரி மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அரசு வேலையில் இருக்கிற டாக்டர்களுக்கென்று ஒதுக்கிய இடம். உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தே முதுகு வளைந்துபோன என் அம்மாவுக்குப் போன் செய்து, "அம்மா, நான் சர்ஜன் ஆகப் போறேன்" என்றேன்.

"ஏட்டி, போர்டுல அதானே எழுதியிருந்துச்சு" என்றாள் அம்மா. "அப்ப இத்தன வருசமா நீ என்னவா இருந்தே?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவள் ஒருத்திதான் கேட்டாள். மற்றவர்கள் கேட்டது வேறு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்றாள் நாத்தனார். என் பெண் அப்போது பிளஸ் ஒன்தான் படித்துக்கொண்டிருந்தாள். கவுன்சலிங்கில் காகிதம் சரிபார்த்த குமாஸ்தா, மேடம் தவறிப்போய் சர்ஜரி என்று போட்டுவிட்டீர்களா, லேடீஸ் எல்லாம் தோல், கண் என்றுதானே எடுப்பார்கள் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் சர்ஜரி என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அந்த குமாஸ்தாவிடம் சொல்லத் தோன்றவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்குக் கடலைக்காட்டில் வேலை செய்கிற ஓர் அம்மா வருவார். மார்பில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. கத்தி வைக்க வேண்டிய எதுவானாலும் நாங்கள் 'ரெஃபர்' என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அவருக்கும் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் அவர் போகவில்லை.

"அங்க போனா மலையாளத்துல என்னென்னமோ கேப்பாங்க, எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நீங்களே எடுத்துப்போடுங்க டாக்டரம்மா. போர்டுல சர்ஜன்னுதானுங்க போட்டிருக்குதாமா" என்றார்.

அவர் நான்காவது தடவை வந்தபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. ரெஃபர் எழுதுகிற நாற்காலியிலிருந்து எழுந்து, ரெஃபர் போய்ச் சேருகிற நாற்காலியில் உட்காருவது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். அதற்குள் பாதி வயது போயிருந்தது என்றால் அது என் குற்றமா?

எந்த மெடிக்கல் காலேஜில் சேர்ந்தேன் என்று சொல்லப் போவதில்லை. என் யூனிட்டின் தலைமை டாக்டர் என்னைவிட ஒரு வயது இளையவர். எல்லோரும் அவரை சீஃப் என்பார்கள். முதல் நாள் ரவுண்ட்ஸில், கூட நின்ற இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஈ ப்ராயத்தில் இனி கை வழங்ஙில்லா, சேச்சீ" என்றார். இந்த வயதுக்கு மேல் கை வளைந்து கொடுக்காது என்று அர்த்தம்.

என் கையை அவர் பார்த்தது கூட இல்லை. பத்து வயதிலிருந்து பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அம்மாவோடு ஏலத்தோட்டத்தில் குனிந்து கிடந்த கை இது. ஏலச்செடியில் காய் அடித்தண்டில் மண்ணை ஒட்டிக் கிடக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். பூவை அசைக்காமல், பிஞ்சைத் தொடாமல் விளைந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். கூடையில் பிஞ்சு கிடந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும். அதனால் நான் விரலால் பார்க்கப் பழகினேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ரவுண்ட்ஸில் யாரும் ஏலக்காய்க் கதை கேட்க நிற்பதில்லை.

சேச்சி என்றால் அக்கா. மற்றவர்களெல்லாம் ஒருவரையொருவர் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள், என்னை மட்டும் சேச்சி. பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அக்காவுக்கு என்ன வேலை விழுமோ அதுதான் எனக்கும் விழுந்தது. டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுதுவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, ஸ்கேனுக்கு நாள் வாங்குவது, சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால் சமாதானம் செய்வது. தியேட்டருக்குள் போனால் ரிட்ராக்டர் பிடிப்பது. வெட்டிய இடத்தை மற்றவர் பார்ப்பதற்காக விலக்கிப் பிடிக்கிற கம்பிக்குத்தான் அந்தப் பெயர். இரண்டு வருஷம் நான் விலக்கிப் பிடித்தேன், மற்றவர்கள் வேலை கற்றுக்கொண்டார்கள்.

எனக்கென்று ஒரு தனி வேலையும் இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குக் கிழக்கே எல்லையிலிருந்தும் மலையிலிருந்தும் தமிழ்க்காரர்கள் நிறைய வருவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி கையெழுத்துப் போடுகிற சம்மதபத்ரம் மலையாளத்தில் அச்சடித்தது. தமிழ்க்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நூறு கேள்வி கேட்பார்கள், கையெழுத்துப் போட மாட்டார்கள். உடனே வார்டின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்: "சேச்சீ, ஒண்ணு வரூ, தமிழாணு." நான் போவேன். தோட்டத்துக்காரர்கள் என்றால் அம்மாவின் பேச்சில் பேசுவேன், சித்தூர் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் என்றால் ங்க போட்டுப் பேசுவேன். ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து விழும். சீஃப் இதைப் பெரிதாகப் பாராட்டுவார். கையெழுத்து வாங்குவதில் சேச்சியை மிஞ்ச ஆளில்லை என்பார். சர்ஜரி படிக்க வந்தவளுக்கு இதைவிடக் கேவலமான பாராட்டு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு ஒரு லாக் புத்தகம் உண்டு. எந்த ஆபரேஷனைப் பார்த்தோம், எதில் உதவினோம், எதை நாமே செய்தோம் என்று பகுதி பகுதியாக எழுதி சீஃப்பிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் வருஷக் கடைசியில் என் புத்தகத்தில் முதல் இரண்டு பகுதிகள் நிரம்பி வழிந்தன. நாமே செய்தது என்கிற மூன்றாவது பகுதியில் கொப்புளமும் கொழுப்புக்கட்டியும்தான் இருந்தன. இப்படியே போனால் நான் பட்டத்தோடு ஊருக்குத் திரும்புவேன், பலகையில் புதிதாக ஏதாவது எழுதுவார்கள், கையில் தொழில் இருக்காது. மறுபடியும் ரெஃபர் எழுத வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் சித்தூருக்குக் கிழக்கேயிருந்து ஒரு கள்ளிறக்குகிறவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தென்னையைக் கட்டிக் கட்டி ஏறி நெஞ்சுத் தோல் காய்த்துப் போயிருந்தது. வலது பக்கம் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். அடிவயிற்றில் தசை விட்டுக் குடல் வெளியே பிதுங்குகிற நோய், மரமேறுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். திறந்து, குடலை உள்ளே தள்ளி, விட்ட இடத்தில் வலை வைத்துத் தைக்க வேண்டும். சர்ஜரி படிக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற பெரிய ஆபரேஷன் அதுதான். அதைக்கூட நான் தனியாகச் செய்ததில்லை.

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் நின்றிருந்தார். வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், மறுபடி மரமேறலாமா என்று மற்றவர்கள் கேட்கிற எதையும் கள்ளிறக்குகிறவர் கேட்கவில்லை.

"அறுக்கறது யாருங்க?" என்றார்.

பெரிய டாக்டர் இருப்பார், எல்லோரும் இருப்போம் என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. பாளை சீவுகிற தொழிலில் ஒரு பாளைக்கு ஒரு கைதான் என்று எனக்கு விளக்கினார்.

"நான் சீவுன பாளைய நடுவுல இன்னொருத்தன் சீவுனா கள்ளு சுணங்கிப்போகுமுங்க. கத்தி அதேதானுங்க, பாளையும் அதேதானுங்க, ஆனா கை வேறயாச்சுங்களே. அதான் கேக்கறனுங்க. எந்தக் கைன்னு தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட்டர்றனுங்க."

நான் சீஃப்பிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, சேச்சிதான் செய்யப் போகிறார் என்று சொல்லிவிடு என்றார். நிஜமாகவா என்று கேட்டேன். பார்க்கலாம், முதலில் ஒப்பு வாங்கு என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து. பார்க்கலாம் என்கிற வார்த்தையை அன்றைக்கு நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கம்பி பிடித்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

திரும்பி வந்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களே அறுக்கறது?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அந்த ஆபரேஷன் பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பழைய ஜாக்கெட் துணியில் தையல் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, நாளைக்கு ஜாக்கெட்டுக்கு ஆபரேஷனா என்று கிண்டல் செய்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை தியேட்டரில் முதுகில் ஊசி போடும்போது அவரை வளைத்துப் பிடித்துக்கொண்டு தமிழில் தைரியம் சொன்னது நான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும் அவருக்குத் தூக்கம் வர லேசாக மருந்து கொடுத்தார்கள். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியால் மறைப்புக் கட்டினார்கள். நான் கை கழுவி, கவுன் போட்டு, கையுறை மாட்டி, ஆபரேஷன் செய்கிறவர் நிற்கிற வலது பக்கத்தில் போய் நின்றேன். நர்ஸ் கத்தியை நீட்டக்கூடச் செய்தார்.

சீஃப் உள்ளே வந்தார். கூடவே முதல் வருஷத்துப் பையன் ஒருவன். டாக்டர்தான், இருபத்தாறு வயது, நல்ல பையன். சீஃப் என்னிடம், "சேச்சி, இவன் செய்யட்டும். இவனுக்கு முன்னால முப்பது வருஷம் இருக்கு" என்றார். அதோடு விடவில்லை. வார்டில் மூன்று தமிழ் சம்மதபத்ரம் காத்துக் கிடக்கிறது, சேச்சி போய் அதை முடித்துவிட்டு வரலாமே என்றார்.

எனக்கு முன்னால் எத்தனை வருஷம் என்று அவருக்கு யார் சொன்னது? நாற்பத்திநாலு வயதில் ஆரம்பித்தால் ரிட்டயராகிற வரை நான் எத்தனை வயிற்றைத் தைப்பேன் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருப்பாரா? என் முகம் கொதித்தது. மறைப்புக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் என் கையை நம்பிப் படுத்திருந்தார். அதை அப்போதே, அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் கையுறையைக் கழற்றினேன். வார்டுக்குப் போய் மூன்று கையெழுத்தும் வாங்கினேன்.

அவர் வீட்டுக்குப் போன அன்று எழுந்து நின்று, "உங்க கையால நல்லாயிட்டனுங்க" என்று கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன். மூன்று மாதம் மரமேறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவருடைய போன் நம்பர் கேஸ் ஷீட்டில் இருந்தது. அதற்கப்புறமும் நான் கூப்பிடவில்லை.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஒரு காரியம் செய்தேன். சம்மதபத்ரத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். என்ன நோய், என்ன ஆபரேஷன், கடைசியில் அதைச் செய்யப் போவது யார், அவர் பெயர். யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கட்டிலுக்கும் போக மாட்டேன் என்றேன். முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு நோயாளி, இந்தப் பெயர்க்காரர் எங்கே, அவரை நான் பார்க்க வேண்டும் என்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்துவிட்டார். சீஃப் என்னை அறைக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் கத்தினார். இந்த வயதில் வந்து ஒழுங்கைக் கெடுக்கிறேன் என்றார். அந்த மாதமே என்னை வேறு யூனிட்டுக்குத் தள்ளிவிட்டார்.

அது தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த யூனிட்டின் சீஃப் ஒரு பெண். அவரிடம் வேலை செய்தால் தூங்க முடியாது என்று எல்லோரும் பயந்து ஓடுவார்கள். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் என் வயதைக் கேட்கவில்லை. ஒரு முடிச்சுப் போடு என்று நூலைக் கொடுத்தார், போட்டேன், இன்னொன்று என்றார். நாற்பது முடிச்சுக்கு அப்புறம், "நாளைக்கு ஹெர்னியா நீ செய், நான் எதிரே நிற்கிறேன்" என்றார். அந்த ஒரு வருஷத்தில் என் லாக் புத்தகத்தின் மூன்றாவது பகுதி நிரம்பியது. பரீட்சையும் பாஸானேன். வழங்காது என்ற கை வழங்கியது.

கிழக்கே எல்லையோரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை போட்டார்கள். நானேதான் கேட்டு வாங்கினேன். சர்ஜன் என்று பலகை மாட்டினார்கள், இந்தத் தடவை அசிஸ்டென்ட் இல்லை. என் அம்மா வீடியோவில் பலகையைப் பார்த்துவிட்டு, எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டதே என்றாள்.

முதல் மாதம் ஆள் வரவில்லை. மலையாளம் பேசுகிறவர்கள் வந்தார்கள். யாருக்காக நான் இந்த ஊரைக் கேட்டு வாங்கினேனோ அவர்கள் வரவில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் அடுத்த அறை டாக்டரிடம் வந்து நிற்பார்கள், கட்டி, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்றால் மட்டும் பொள்ளாச்சி பஸ் ஏறிவிடுவார்கள். மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் தியேட்டர் நர்ஸிடம் என்னதான் விஷயம் என்று பிடித்து உலுக்கிக் கேட்டேன். அவர் அந்தப் பக்கத்துக்காரர். சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோச்சுக்காதீங்க மேடம். இங்க கள்ளெறக்கறவரு ஒருத்தரு இருக்காருங்க. உங்க கையில ஆப்பரேசன் பண்ணுனாராமா. ஒரு வருசத்துல மறுபடி வந்துபோட்டுதுங்க. வயசான காலத்துல படிச்ச டாக்டரம்மா, கை நடுங்குது, அவங்க தையல் நிக்காதுன்னு ஷாப்பு ஷாப்பா சொல்லிப்போட்டாருங்க."

ஷாப்பு என்றால் கள்ளுக்கடை. அதைவிட வேகமாகச் செய்தி பரவுகிற இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம். செய்ய விடாமல் கையுறையைக் கழற்ற வைத்த வேலைக்கு என் பெயர் கெட்டது. தியேட்டரை விட்டு வெளியே துரத்தினவர் அங்கே சொகுசாக இருந்தார், தைத்த பையன் மேலே படிக்க வடக்கே எங்கேயோ போய்விட்டான், நாலு ஊர் என் கையைப் பார்த்துப் பயந்தது. அந்த மனிதரின் வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டு வர வேண்டும் என்று எழுந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். என்ன என்று கத்துவது? நான் அறுக்கவில்லை என்றா? அறுக்கிறேன் என்று சொன்னது நான்தானே. சீஃப் பொய்யைச் சொல்லச் சொன்னார், சரி. ஆமாங்க என்று சொன்ன வாய் என்னுடையது. பஸ் வந்தது, ஏறவில்லை.

அவரே ஒரு நாள் வந்தார். காலை பத்து மணி இருக்கும். ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டு உள்ளே போகவில்லை. விடிந்ததிலிருந்து வாந்தி. பொள்ளாச்சிக்குத்தான் கிளம்பியிருக்கிறார்கள், வழியில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்து அவர் மனைவிதான் வண்டியை இங்கே திருப்பச் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இருந்தாலும் வேறு வழியில்லை. நேரம் போனால் குடல் அழுகிவிடும். அன்று மயக்க மருந்து டாக்டர் வருகிற நாள், அது ஒன்றுதான் நல்ல காலம்.

சம்மதபத்ரத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"போன தடவ உங்களை அறுத்தது நான் இல்லைங்க. என்னைச் செய்ய விடல. கடைசி நிமிசத்துல வேற ஒருத்தர் செஞ்சாரு. நான் அப்பவே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். பெயர் சுத்தமாகிவிடும், அவர்கள் வருத்தப்படுவார்கள், அநியாயமாகத் திட்டிவிட்டோம் என்பார்கள் என்றெல்லாம் எனக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா நாங்க யாரைத் திட்டிட்டிருந்தமுங்க?" என்றார். "தையல் விட்டுப்போச்சுன்னா அது ஆருக்கும் வர்றதுதானுங்க. இவருக்கும் பாளையில கத்தி தவறியிருக்குதுங்க. ஆனா இவரு அன்னிக்கு ஒரே ஒரு கேள்விதானுங்களே கேட்டாரு. வேற எதாச்சும் கேட்டாருங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். சீஃப், யூனிட், வயது என்று நான் இரண்டு வருஷமாக மனசுக்குள் திரட்டி வைத்திருந்த கோபம் முழுவதும் நியாயமான கோபம்தான். அந்த அம்மாவுக்கு முன்னால் அதில் ஒரு துளிகூட எடுத்துக் காட்ட முடியவில்லை.

கட்டிலில் கிடந்தவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இந்தத் தடவ நீங்கதானுங்களே அறுக்கறது?"

"ஆமாங்க."

"வாயில சொன்னா நான் நம்ப மாட்டனுங்க" என்றார் அவர் மனைவி. "எழுதுங்க."

சம்மதபத்ரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். குடல் மாட்டிக்கொண்டது, திறந்து விடுவிக்க வேண்டும், கெட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும், மறுபடியும் வலை வைத்துத் தைக்க வேண்டும், இதைச் செய்வது நான், என் பெயர். அந்த அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி முழுவதையும் சத்தமாகப் படித்தார். பின்னால் நர்ஸ் நேரமாகிறது என்று தவித்தார், நான் அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்துத் தன் வீட்டுக்காரரின் கையில் பேனாவைக் கொடுத்தார்.

உள்ளே திறந்தபோது பார்த்தேன். பழைய வலையின் உள்மூலை சுருண்டு கிடந்தது. எலும்பை ஒட்டிப் போட வேண்டிய முதல் தையல், அந்த ஆபரேஷனில் தவறவே விடக் கூடாத தையல், அங்கே இல்லை. பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதிரே நின்று அதை அவனுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியவர் எங்கே போனார் என்றுதான் வந்தது. இப்போது அதற்கு நேரமில்லை. குடல் கறுத்திருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெந்நீர்த் துணியால் மூடிக் காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. வெட்ட வேண்டியிருக்கவில்லை. புது வலையின் முதல் தையலை எலும்பை ஒட்டிப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது அந்த அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்தது, குடல் கெடவில்லை என்றேன். அவர் கும்பிடவில்லை, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் இல்லை.

"அந்தக் காயிதத்தக் குடுங்க" என்றார்.

அது ஆஸ்பத்திரி ரிக்கார்டு, வெளியே கொடுக்கக் கூடாது என்றேன். அவர் அசையவில்லை. ஓ.பி. சீட்டு ஒன்றை எடுத்து, இன்னாருக்குக் குடலிறக்கம் அறுத்துத் தைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் மடித்தார்.

"இனி எதாச்சும் ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்பமுங்க. ஷாப்பு ஷாப்பா சொல்லுவமுங்க."

"சொல்லுங்க" என்றேன். "அதுக்குத்தானுங்க இந்த வயசுல படிச்சேன்."